சளி பிடிக்காமல் வான்கூவர் வரை

வான்கூவருக்குப் போகிறேன் என்று சொன்னதும் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். "எவ்ளோ தூரம் டீச்சர்?"

நான் புவியியல் ஆசிரியை. தெரியாது என்று சொல்ல முடியாது. ஆசிரியர் அறையில் இருந்த உலக உருண்டையின் மேல் தையல் நூலைச் சென்னையிலிருந்து வான்கூவர் வரை இறுக்கிப் பிடித்துக் காட்டினேன். நூல் சீனாவைத் தாண்டி, சைபீரியாவின் பனிக்கரையைத் தொட்டு, அலாஸ்கா பக்கமாக மேலேயிருந்து இறங்கியது. ஏறக்குறைய பன்னிரண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர்.

"இன்னா டீச்சர், கெழக்க இருக்கற ஊருக்கு வடக்கால போறீங்க?" என்றார் கணக்கு ஆசிரியர்.

உருண்டையில் அதுதான் குறுக்கு வழி என்றேன். ஆனால் அந்த நூலின் மேல் எந்த விமானமும் போவதில்லை. ஹாங்காங்கில் இறங்கி வேறு விமானம் ஏற வேண்டும். அப்போது தூரம் பதினாலாயிரம் ஆகிவிடும். பறக்கும் நேரம் மட்டும் பதினேழு பதினெட்டு மணி. இதையெல்லாம் தெளிவாகச் சொன்ன நான் அதுவரை விமானத்தில் ஏறியதே இல்லை.

பயணத்துக்குக் காரணம் என் தம்பி தாமோதரன். வான்கூவரில் கணினி வேலை செய்கிறான். போன மார்கழியில் அவனுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. மருந்தில் நோய் அடங்கியது. ஆனால் திரும்ப வரும் என்றார்கள். வராமல் தடுக்க ஒரு வழி இருந்தது. அவனுடைய எலும்பு மஜ்ஜையை மருந்தால் முழுவதும் அழித்துவிட்டு, பொருத்தமான இன்னொருவரின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த மூல செல்களை ஏற்றுவது. அவை எலும்புக்குள் போய்த் தங்கிப் புது ரத்தம் உண்டாக்கும். கூடப்பிறந்தவர்களிலேயே நாலில் ஒருவருக்குத்தான் முழுதாகப் பொருந்துமாம். எங்கள் வீட்டில் நானும் அவனும் மட்டும்தான். வேலூருக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். பொருந்தியது.

செல்களை மட்டும் ஒரு பையில் போட்டு விமானத்தில் அனுப்புவதும் உண்டாம். வழியில் வீணாகும் நேரத்தை யோசித்து, ஆளே வந்துவிட்டால் நல்லது என்றார்கள். ஒரு நிபந்தனைதான். வந்து இறங்கும்போது எனக்குச் சளியோ காய்ச்சலோ இருக்கக் கூடாது. எனக்கு வெறும் மூக்கொழுகலாக இருப்பது, அந்த நிலையில் அவனுக்கு உயிர்போகும் விஷயம்.

என் கணவர் சேகர் வீட்டுக்குப் பின்னால் விசைத்தறி போட்டிருக்கிறார். தறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டார். "எலும்புல ஊசி போடுவாங்களாமே. உனுக்கு எதுனா ஆச்சின்னா?"

"எலும்புல இல்லீங்க. கையில ரத்தம் எடுக்கற மாதிரிதான்."

"ஆங், அப்படித்தான் சொல்லுவாங்க."

மறுநாள் ஒரு பெட்டி முகக்கவசம் வாங்கி வந்து வைத்தார். பிறகு தறிக்குப் போனார்.

டாக்டர்கள் குறித்த நாளுக்கு ஏற்றபடி கிளம்ப வேண்டியிருந்தது. கிளம்பும் நாள் ஆடிக் கிருத்திகை என்பது கனடாவில் யாருக்கும் தெரிய நியாயமில்லை. எங்கள் ஊர் திருத்தணியில் அன்று சைக்கிள் நுழையவே இடம் இருக்காது. வாடகைக் கார் ஊருக்குள் வராது. புறவழிச் சாலையில் நிற்பதாக ஓட்டுநர் சொல்லிவிட்டார். காலையில் சேகர் பெட்டியை ஸ்கூட்டரின் முன்னால் வைத்து, என்னைப் பின்னால் உட்காரவைத்து, சந்து சந்தாகப் போனார். எல்லாச் சந்திலும் காவடி. மஞ்சள் உடை, மொட்டைத் தலை, பூவாசம், வியர்வை, அரோகரா. மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போடக்கூட எனக்குக் கை ஒழியவில்லை. முகக்கவசத்தின் மேல் முந்தானையை அழுத்திப் பிடித்திருந்தேன். பூக்காவடி தூக்கிய ஒருவர் எங்களுக்கு நேரே வந்து பலமாகத் தும்மினார். சேகர் வண்டியை அப்படியே திருப்பி அடுத்த சந்துக்குள் விட்டார்.

"கோமதி, மூச்ச அடக்கிக்கோ!" என்று கத்தினார். சுற்றியிருந்தவர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

புறவழிச் சாலையில் ஸ்கூட்டரை விட்டுவிட்டு இருவரும் காரில் ஏறினோம். கனகம்மாசத்திரம் வரை எதிரே பஸ் பஸ்ஸாக ஜனம் வந்துகொண்டிருந்தது. திருவள்ளூர் தாண்டுவதற்குள் மதியமாகிவிட்டது. மீனம்பாக்கம் போய்ச் சேர நாலு மணி நேரத்துக்கும் மேல். அந்த நேரத்தில் ஒரு விமானம் ஹாங்காங்கை நெருங்கியிருக்கும். விமான நிலைய வாசலில் சேகர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, "தாமுவ கேட்டதா சொல்லு" என்றார். தம்பி அவரைப் பாவா என்றுதான் கூப்பிடுவான். இருவரும் போனில் பேசினால் கிரிக்கெட் தவிர வேறு பேச்சு இருக்காது. அன்று அவர் கிரிக்கெட்டைப் பற்றி எதுவும் சொல்லியனுப்பவில்லை.

விமானம் மேலே ஏறுவது குறித்து எழுத ஒன்றுமில்லை. காது அடைத்தது. விழித்தபோது ஹாங்காங்.

அங்கே புயல் வந்துகொண்டிருந்தது. அவர்கள் அதை எண் போட்டுச் சொல்கிறார்கள். பலகையில் முதலில் பக்கத்து ஊர் விமானங்கள் ரத்து என்று சிவப்பாயின. கொஞ்ச நேரத்தில் எல்லாமே சிவப்பாயின. கண்ணாடிக்கு வெளியே மழை படுக்கைவாட்டில் போனது. நாளைக்குத்தான் எதுவும் சொல்ல முடியும் என்று கவுண்டரில் இருந்த பெண் மூன்று மொழிகளில் சொன்னாள். ஆயிரக்கணக்கானவர்கள் இருந்த இடத்திலேயே உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும் இருமத் தொடங்கினார்கள். அதுவரை அவர்கள் இருமவில்லையா, எனக்குக் காதில் விழவில்லையா தெரியவில்லை.

மாலினிக்குப் போன் செய்தேன். தாமோதரனின் மனைவி அதிகம் பேசாத பெண். "பரவால்ல அண்ணி, டாக்டர் கிட்ட சொல்லிடறேன்" என்றாள். பிறகு, "ரொம்ப நாள் தள்ளிப் போடக் கூடாதுன்னாங்க" என்றாள். அதை எனக்குச் சொல்வதா வேண்டாமா என்று யோசித்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

பசித்தது. ஒரு கடையில் அரிசிக் கஞ்சி விற்றார்கள். நம்முடைய நொய்க் கஞ்சியேதான், இன்னும் கொஞ்சம் குழைவு. கறித்துண்டு போடாமல் கொடு என்று சைகையில் கேட்டேன். நான் கறி சாப்பிடுகிறவள்தான், ஆனால் கிருத்திகைக்கு மறுநாளும் தொடுவதில்லை. கடைக்காரப் பெண்மணி என்னை விநோதமாகப் பார்த்துவிட்டு வெறும் கஞ்சியும் எண்ணெயில் பொரித்த நீளமான மாவுக்குச்சி ஒன்றும் கொடுத்தாள். தொட்டுக்கொள்ள மட்டும் ஒன்றுமில்லை.

"நிம்மகாயி பச்சடி உந்தி, காவாலா?" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. எலுமிச்சை ஊறுகாய் இருக்கிறது, வேண்டுமா என்று தெலுங்கில். திரும்பினால் அறுபது வயதிருக்கும் ஒரு அம்மாள், கையில் எவர்சில்வர் டப்பா. பெயர் ரமணம்மா. ஊர் நகரி. எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரம்தான்; எல்லை தாண்டினால் வந்துவிடும். வான்கூவர் பக்கத்தில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறாள், அதே விமானத்தில். நான் பேசிய தெலுங்கைக் கேட்டு, "நீ தணிகையா? சொல்லவே வேண்டாம்" என்றாள்.

ஊறுகாய் அருமையாக இருந்தது. அடுத்த டப்பாவைத் திறந்தாள், புளிச்சக்கீரைத் தொக்கு. என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மருமகளைப் பற்றி ஆரம்பித்தாள். பிறகு இருமினாள். சாதாரண இருமல் இல்லை. நெஞ்சிலிருந்து வந்த, சளி கட்டிய இருமல். புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, அதே கையால் இன்னும் கொஞ்சம் தொக்கு எடுத்து என் தட்டில் வைக்க வந்தாள்.

நான் தட்டை இழுத்துக்கொண்டேன். அவள் முகம் சுருங்கியது. என்ன ஆட்களோ, என்ன சுத்தம் பார்க்கிறார்களோ என்று அவள் நினைப்பது தெரிந்தது. முன்பின் தெரியாத ஊரில் சாப்பாடு கொடுத்தவளிடம் பொய் சொல்லவும் மனம் வரவில்லை. எனக்குத் தெரிந்த தெலுங்கில் எல்லாவற்றையும் சொன்னேன். தம்பி, ரத்தம், சளி.

ரமணம்மா டப்பாக்களை மூடினாள். பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய் நாலு வரிசை தள்ளி எனக்கு எதிரே உட்கார்ந்தாள். அங்கிருந்து, "இவ்வளவு தூரம் போதுமா?" என்று கத்தினாள். பாதி மண்டபம் திரும்பிப் பார்த்தது.

அந்த நாள் முழுவதும் அவள் அங்கிருந்தே என்னைக் காவல் காத்தாள். என் பக்கத்து நாற்காலியில் யாராவது உட்கார வந்தால், "ஏமய்யா! லேய், லேய்!" என்று, எழுந்திருக்கச் சொல்லிக் கையை வீசுவாள். கோட்டு போட்ட ஒரு வெள்ளைக்காரர் என்ன ஏது என்று புரியாமலேயே எழுந்து போனார். மருமகள் கதையையும் அவள் நிறுத்தவில்லை. நாலு வரிசை தாண்டிக் கத்திக் கத்திச் சொன்னாள். நடுவில் உட்கார்ந்திருந்த குஜராத்திக் குடும்பம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த மருமகளுக்கு இது தெரியாமலிருப்பதே நல்லது.

மறுநாள் பிற்பகல் விமானம் கிளம்பியது. பசிபிக்கின் மேல் எங்கோ தேதிக்கோட்டைத் தாண்டினோம். வருஷா வருஷம் கரும்பலகையில் கோணலாக வரைந்து, கிழக்கே போனால் ஒரு நாளைக் கழி என்று சொல்லிக்கொடுத்த கோடு. வெளியே பார்த்தேன். மேகம்தான் இருந்தது. கடைசியில், கிளம்பிய அதே நாள், கிளம்பிய நேரத்துக்கு முன்னாலேயே வான்கூவரில் இறங்கினோம்.

சேகருக்குப் போன் செய்தேன். "ஏறும்போதே மணி நாலுன்னியே. இப்போ அங்க மத்தியானமா? இன்னும் ஏறவே இல்ல, அதுக்குள்ள எறங்கிட்டியா?" என்றார். எட்டாம் வகுப்புக்குச் சொல்வதுபோல விளக்கினேன். "சர்தான், இருமல் கிருமல் கீதா?" என்றார்.

இருந்தது. இருமல் இல்லை, தொண்டையில் ஒரு கரகரப்பு. விமானத்தில் விழித்தபோதே உணர்ந்தேன். எச்சில் விழுங்கினால் சரியாகிவிடும் என்று விழுங்கிக்கொண்டே வந்தேன். சேகரிடம், "இல்லீங்க" என்றேன்.

ரமணம்மா மகனோடு போய்விட்டாள். போகும்போது கட்டிப்பிடிக்கக் கையை நீட்டி, நினைவு வந்து, தூரத்திலிருந்தே கும்பிட்டாள். மாலினி வந்திருந்தாள். இளைத்திருந்தாள். இருவரும் ஓட்டுநர் இல்லாத ரயிலில் ஏறினோம். முன் கண்ணாடி வழியாகத் தண்டவாளம் தெரிந்தது. வண்டியை யாரும் ஓட்டவில்லை. அரக்கோணத்தில் சிக்னலுக்கு நிற்கும் நேரத்தில் இங்கே ஒரு ஊரே கடந்துபோனது. தூரத்தில் மலைகள், கருநீலமாக. சாயங்காலம் எட்டு மணிக்கும் வெயில் அடித்தது. ஊர் நேரம் காட்டிய என் கைக்கடிகாரத்தைப் பெரிதாக மாற்ற வேண்டியிருக்கவில்லை. அரை மணி பின்னால் தள்ளினால் போதும். இரவு பகலாகியிருக்கும், முள் அதே இடத்தில் இருக்கும்.

தொண்டையைப் பற்றி மாலினியிடம் ரயிலிலேயே சொல்லிவிட்டேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "சொன்னதே நல்லது அண்ணி" என்றாள். அவள் கை மட்டும் கம்பியை விடாமல் இறுக்கிப் பிடித்திருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்தாள். சீன முகம், கனடா ஆங்கிலம். விஷயத்தை நேராகச் சொன்னாள். "உங்கள் தம்பிக்குப் பழைய மஜ்ஜையை அழிக்கும் மருந்தை ஆரம்பித்துவிட்டால் திரும்ப வழியில்லை. உங்கள் செல்கள் கிடைத்தே ஆக வேண்டும். ஆகவே உங்களைப் பற்றி நிச்சயமாகத் தெரியும்வரை ஆரம்பிக்க மாட்டேன்." தம்பியை நான் பார்க்கவும் கூடாது.

அவன் அந்தக் கட்டடத்திலேயே மேல்மாடியில் இருந்தான். ஒரு கடலைத் தாண்டி வந்தவள் லிப்டில் ஏற முடியாமல் அவனோடு போனில் பேசினேன். "தேங்க்ஸ் அக்கா, உனக்குத்தான் கஷ்டம்" என்றான். தாமோதரன் என்னிடம் நன்றி சொல்கிறவன் அல்ல. பிறந்ததிலிருந்து என்னோடு சண்டை போட்டே வளர்ந்தவன்.

முடிவு வரும்வரை மாலினி வீட்டில் ஓர் அறையில் அடைந்திருந்தேன். சாயங்காலங்களில் காக்கைகள் கூட்டம் கூட்டமாகக் கிழக்கே பறந்தன. வானத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை காக்கை. எண்ணெய் தேய்க்காத தலையும் போர்வையுமாக ஜன்னலில் உட்கார்ந்து அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முருகனிடம் என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. தொண்டை வலி சாதாரணமானதாக இருக்கட்டும் என்று வேண்டுவதற்கு ஒரு மாதிரி இருந்தது. அதையே வேண்டினேன்.

கிருமி எதுவும் இல்லை, விமானத்தின் வறண்ட காற்றுதான் என்று முடிவு வந்தது. மாலினி போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். வெகுநேரம் குழாயில் தண்ணீர் ஓடியது.

அவனுக்கு மருந்து ஆரம்பித்தார்கள். அது பாதி நடந்தபோது எனக்குத் தினமும் ஊசி போட்டார்கள், செல்கள் எலும்பிலிருந்து ரத்தத்துக்கு வருவதற்காக. இடுப்பும் முதுகெலும்பும் யாரோ உள்ளிருந்து இடிப்பதுபோல வலித்தன. கடைசியில் ஒரு காலை, இரண்டு கையிலும் ஊசியோடு நாற்காலியில் சாய்த்துவைத்தார்கள். ஒரு கையிலிருந்து ரத்தம் போய், இயந்திரத்தில் சுழன்று, மறு கை வழியாகத் திரும்பி வந்தது. மூக்கு அரித்தால் சொறிய முடியாது. பிலிப்பைன்ஸ்காரி ஒரு நர்ஸ் சொறிந்துவிட்டாள். "எந்த இடம்? இங்கேயா? இன்னும் மேலேயா?" என்று கேட்டுக் கேட்டு.

மதியம் தாண்டி முடிந்தபோது மேலே ஒரு சின்னப் பை தொங்கியது. தக்காளி ரசத்தின் நிறம். நர்ஸ் அதை ஒரு பெட்டியில் வைத்து, நடைபாதையில் நடந்து, லிப்டில் ஏற்றிக்கொண்டு போனாள். அன்று சாயங்காலமே அது தம்பிக்கு ஏறியது. கவசமும் மேலங்கியும் போட்டு மாலினியோடு என்னையும் உள்ளே விட்டார்கள். முடியும் புருவமும் இல்லாமல், மஞ்சள் வெளுப்பாகக் கிடந்தான். பை காலியாகும்வரை மூவரும் அதையே பார்த்தோம். "தேங்க்ஸ் அக்கா" என்றான் மறுபடியும்.

அதன் பிறகு காத்திருப்பதுதான் வேலை. அவன் ரத்தத்தில் வெள்ளையணு அறவே இல்லை. தினமும் காலையில் சோதித்துச் சொல்வார்கள்: இன்றைக்கும் இல்லை. வாயெல்லாம் புண். எச்சில் விழுங்க முடியாமல் படுத்திருப்பான். காய்ச்சல் வந்தது, போனது, மறுபடி வந்தது. நான் தினமும் கஞ்சி காய்ச்சிச் சுடச்சுட எடுத்துப்போவேன். ஒரு கரண்டி தொட்டுவிட்டு, "நல்லா இருக்குக்கா" என்று வைத்துவிடுவான். எதைச் சொன்னாலும் சரி, எதைக் கொடுத்தாலும் நன்றி. விருந்தாளிபோல நடந்துகொண்டான். கிளம்பிப் போகப்போகிற விருந்தாளி. நான் அதை மாலினியிடம் சொல்லவில்லை. அவளும் கவனித்திருந்தாள் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது வாரத்தில் ஒரு காலை டாக்டரம்மா கதவைத் திறக்கும்போதே சிரித்தாள். வெள்ளையணு வந்துவிட்டது, மிகக் கொஞ்சம், ஆனால் வந்துவிட்டது. அவை என்னுடையவை, இனி அவனுடையவை. கொஞ்ச நாளில் அவனுடைய ரத்த வகையும் மாறி என்னுடைய வகையாகிவிடும் என்றாள். மாலினி அப்போதுதான் முதல்முறையாக எல்லோர் முன்னாலும் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அந்தச் சின்ன எண்ணை நம்ப எனக்குத் தைரியம் இல்லை.

அதற்கு அடுத்த வாரம், வாய்ப்புண் ஆறத் தொடங்கியிருந்தது. வழக்கம்போலக் கஞ்சியை வைத்தேன். ஒரு கரண்டி வாயில் போட்டான். முகத்தைச் சுளித்தான்.

"இன்னாக்கா இது? கஞ்சியா, செவுத்துக்கு அடிக்கற சுண்ணாம்பா?"

"உப்பு கம்மியாதான் போடணும்னு சொல்லிகிறாங்க."

"கம்மின்னா இல்லவே இல்லையா? பாவா எப்படி இத்தினி வருஷம் சாப்டுகினு கீறாரு?"

"அவுரு சத்தம் போடாம சாப்புடுவாரு. உன்ன மாதிரி இல்ல."

"ஒரு பச்ச மொளகா குட்த்தாவது எறங்கும்."

"பச்சையா எதுவும் கூடாது."

"ரத்தமே குட்த்துட்ட, ஒரு மொளகா குடுக்க மாட்டியா?"

"மாட்டேன். இன்னாடா பண்ணுவ?"

நர்ஸ் எட்டிப் பார்த்து, என்ன பிரச்சினை என்று கேட்டாள். அக்காவின் சமையல் சரியில்லை என்கிறார் என்று மாலினி சொன்னாள். அதைச் சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாமோதரன் கிண்ணத்தை என் பக்கம் தள்ளி, "நீயே துண்ணு பாரு, தெரியும்" என்றான்.

நான் கவசத்துக்குள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கிண்ணத்தை அவன் பக்கமே திருப்பித் தள்ளினேன். திட்டிக்கொண்டே முழுவதையும் சாப்பிட்டான்.